கதைக்குப் படம் வரையக் கற்பது: ஒரு மாணவியின் கேள்வியும் அதன்மேல் சேர்ந்த குறிப்புகளும்

கேள்வி, 12 ஜூன் 2023

நான் கவின் கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பென்சிலில் முகம் வரைந்தால் பார்ப்பவர்கள் ஆளை உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள். சென்ற மாதம் ஒரு சிற்றிதழில் சிறுகதை ஒன்றுக்குப் படம் கேட்டார்கள். மூன்று முறை வரைந்து அனுப்பினேன். மூன்று முறையும் "படம் நன்றாக இருக்கிறது, கதையோடு ஒட்டவில்லை" என்று திருப்பிவிட்டார்கள். எனக்கென்று ஒரு பாணி அமையாததுதான் காரணம் என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். பாணியை எப்படி உருவாக்கிக்கொள்வது? அதற்கு டேப்லெட் வாங்க வேண்டுமா?

14 ஜூன் 2023

பாணி இதற்குக் காரணமே இல்லை. படம் நன்றாக இருந்தும் கதையோடு ஒட்டவில்லை என்று ஓர் ஆசிரியர் சொன்னால், உங்கள் கையில் குறை இல்லை, கதையைப் படித்த விதத்தில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

நான் 2001ஆம் ஆண்டிலிருந்து வார இதழ்களுக்கும் நூல்களுக்கும் வரைந்து வருகிறேன். முதன்முதலில் எனக்குக் கிடைத்த கதை இது: பேருந்து நிலையத்தில் இட்லி விற்கும் ஒரு பெண், கீழே கிடந்த பணப்பையை எடுத்து, நாள் முழுவதும் மனம் ஊசலாட வைத்திருந்து, மாலையில் அதற்கு உரியவரைத் தேடிக் கொடுத்துவிடுகிறாள். அவள் பையைக் கொடுக்கும் காட்சியை வரைந்து கொண்டுபோனேன். இதழ் அலுவலகத்தில் பக்கங்களை வடிவமைக்கும் லே அவுட் ஓவியர் அதை மேசைமேல் வைத்துச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதைப் பார்த்த பிறகு வாசகர் கதையை எதற்குப் படிக்க வேண்டும்?" என்று கேட்டார். கதையின் படம் தலைப்புக்குப் பக்கத்தில் வருகிறது. முதல் வரியைப் படிப்பதற்கு முன்பே வாசகர் அதைப் பார்த்துவிடுகிறார். நான் கதையின் முடிவை அதன் வாசலிலேயே கொண்டுவந்து வைத்திருந்தேன்.

அன்றிரவு மீண்டும் வரைந்தேன். இட்லிக் கொப்பரையிலிருந்து எழும் ஆவி, வலக்கையில் கரண்டி, இடக்கை மட்டும் இடுப்பு மடிப்பின்மேல் அழுந்தியிருக்கிறது. அந்த மடிப்புக்குள் என்ன இருக்கிறது என்று படத்தில் தெரியாது. அந்தப் படம் அச்சாயிற்று.

உங்கள் மூன்று படங்களையும் எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் அது கதையின் எந்த வாக்கியத்தை வரைந்திருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். மூன்றும் கதாநாயகியின் முகமாக இருக்கும் என்பது என் ஊகம்.

16 ஜூன் 2023

ஊகம் சரிதான் என்று மாணவி எழுதியிருக்கிறார். அப்படியானால் அனாடமியும் (உடலமைப்பு) பெர்ஸ்பெக்டிவும் (தொலைவைத் தாளில் காட்டும் முறை) வேண்டியதில்லையா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

கட்டாயம் வேண்டும். ஆனால் அவற்றை எதற்காகக் கற்க வேண்டும் என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எனக்கு நிறைவளிப்பதில்லை. சரியாக வரைவதற்காக என்கிறார்கள். குனிந்து நிற்கும் உடலை வரையப் பழகாத ஒருவர், கிணற்றடியில் குனிந்து அந்தப் பெண் தண்ணீர் இறைக்கும் இடம்தான் கதையின் உயிர் என்று நன்றாகத் தெரிந்திருந்தும், அதை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பெரிதாக வரைந்து அனுப்புவார். கைவிரல்கள் வராதவர் எல்லாக் கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளிப்பார். கூட்டம் வராதவருக்குச் சந்தையைப் பற்றிய கதையிலும் இரண்டே ஆட்கள்தான் இருப்பார்கள். அடிப்படைப் பயிற்சி குறைந்தால் படம் பிழையாகும் என்பதைவிட, கதையிலிருந்து ஒரு கணத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே நம்மை விட்டுப் போய்விடும் என்பதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

உடலில் தொடங்குங்கள். நிற்கும் மனிதரின் உயரம் அவருடைய தலையைப் போல ஏழரை மடங்கு என்பது வழக்கமான கணக்கு. வீரம் தெரிய வேண்டுமானால் எட்டாக நீட்டுவார்கள். கைக்குழந்தைக்கு நான்கு தலை போதும். கண்கள் உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் சரிபாதியில் இருக்கின்றன. பழகாத கை அவற்றை மேலே ஏற்றி நெற்றியைச் சுருக்கிவிடும். இவற்றை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். உடல் எடையை எங்கே தாங்குகிறது என்று பார்க்கப் பழகுவதற்குத்தான் ஆண்டுகள் ஆகும். பேருந்துக்காக நிற்பவர்கள் எடையை ஒரு காலில் சாய்த்து நிற்பார்கள். அந்தக் காலின் பக்கம் இடுப்பு உயரும், அதே பக்கத்துத் தோள் தாழும். நம் சிற்பிகள் திரிபங்கம் என்று செப்புத்திருமேனிகளில் வடித்தது இந்த நிலையைத்தான். ஒரு நோட்டும் ஒரு பால்பாயிண்ட் பேனாவும் எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்தில் உட்காருங்கள். பேனா எதற்கென்றால், அழிக்க முடியாது என்று தெரிந்தால் கை, கோடு போடுவதற்கு முன் பார்க்கத் தொடங்கும். ஓர் ஆளுக்கு முப்பது விநாடி, ஒரு நாளைக்கு இருபது ஆட்கள்.

பெர்ஸ்பெக்டிவில் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது கண்மட்டக் கோடு. மறைபுள்ளிகள், அதாவது இணைகோடுகள் தொலைவில் சேர்வதுபோலத் தெரியும் இடங்கள், எத்தனை என்பதெல்லாம் பிறகு. பார்ப்பவரின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் தாளின் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். நீங்களும் தெருவில் நின்று பார்க்கும் காட்சியானால், அருகில் இருப்பவர், தொலைவில் இருப்பவர் எல்லோருடைய தலையும் அந்தக் கோட்டிலேயே இருக்கும். கால்கள்தான் ஏறி இறங்கும். இது தெரியாததால்தான் கூட்டப் படங்களில் பின்னால் இருப்பவர்கள் காற்றில் மிதக்கிறார்கள்.

ஆறு மாதம் இதைச் செய்யுங்கள். அதுவரை திரையைத் தொட வேண்டாம். புகைப்படத்தைப் பார்த்து வரையவும் வேண்டாம்.

17 ஜூன் 2023

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். எல்லோருடைய தலையும் கண்மட்டக் கோட்டில் வரும் என்றது, தரை சமமாக இருந்து, எல்லோரும் ஏறத்தாழ உங்கள் உயரத்தில், நின்ற நிலையில் இருந்தால்தான் பொருந்தும். சிறுவர்களின் தலை கோட்டுக்குக் கீழே இருக்கும். ஆனால் ஒரே உயரமுள்ள சிறுவர்கள் அருகில் நின்றாலும் தொலைவில் நின்றாலும் கோடு அவர்களுடைய உயரத்தை ஒரே விகிதத்தில்தான் வெட்டும். கோயில் படித்துறை, மேட்டுத் தெரு போன்ற இடங்களில் ஒவ்வொருவர் நிற்கும் தரையையும் தனியே கணக்கிட வேண்டும். மயிலாப்பூர் குளத்துப் படிகளில் ஒரு மாலை உட்கார்ந்து வரைந்து பார்த்தால் இது விளங்கிவிடும்.

2 ஜூலை 2023

புகைப்படம் கூடாது என்று நான் சொன்னதை மூவர் கடுமையாக மறுத்திருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தேன், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

2004 அல்லது 2005இல் ஒரு கிராமத்துக் கதைக்கு மாட்டுவண்டி வரைந்தேன். நகரத்தில் வளர்ந்தவன், நினைவிலிருந்து வரைந்தேன். இதழ் வெளிவந்த பத்தாம் நாள் ஒரு விவசாயியிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. நுகத்தடி திமிலுக்கு முன்னால் கழுத்தின்மேல் உட்கார வேண்டும், நீங்கள் திமிலுக்குப் பின்னால் முதுகில் வைத்திருக்கிறீர்கள், இப்படிப் பூட்டினால் மாடு வண்டியை இழுக்காது என்று பொறுமையாக எழுதி, பூட்டாங்கயிறு எங்கே வரும் என்று சிறு படமும் போட்டிருந்தார். அந்த அட்டை இன்றும் என் மேசையில் இருக்கிறது. கதையை எழுதியவர் அந்த வாழ்க்கையை நன்றாக அறிந்தவர்; என் படத்தைப் பார்த்த கிராமத்து வாசகர்கள் அவருடைய எழுத்தையும் சேர்த்துச் சந்தேகித்திருப்பார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வருத்தம்.

ஆகவே ஆதாரம் தேடுவது ஓவியரின் கடமை. அதற்குப் புகைப்படமும் ஒரு வழி. ஆனால் அது ஒரு வழி மட்டுமே. 1950இல் கல்கி இதழில் தொடங்கிய சோழர் காலத் தொடருக்கு ஓவியர் மணியம் வரைந்தபோது, அந்தக் காலத்து மனிதர்களைக் காட்டும் புகைப்படம் எங்கும் இருக்க முடியாது. கோயில்களும் சிற்பங்களும் சுவரோவியங்களும்தான் அவருக்கு ஆதாரம். கொண்டையும் அணிகலனும் ஆடைக்கட்டும் எப்படியிருந்தன என்பதைக் கல்லிலிருந்து படித்து, அதை நடமாடும் உடலுக்கு மாற்றினார். இன்று தமிழர்கள் சோழர் காலத்தை மனத்தில் நினைத்துப் பார்க்கும் உருவமே பெருமளவுக்கு அந்தப் படங்கள் தந்ததுதான். ஓவியர் சில்பி கோயில்களிலேயே உட்கார்ந்து சிற்பங்களை வரைந்தார். ஆனந்த விகடனில் வந்த அந்தக் கோட்டோவியங்களில் கல்லின் தேய்மானமும் நகையின் கொக்கியும் ஒருங்கே தெரியும்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் விடமாட்டேன். கைப்பேசிக் கேமராவால் முகத்தை அருகிலிருந்து எடுத்தால் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கும். அந்தப் படத்தின்மேல் டிரேசிங் பேப்பரை வைத்து எடுத்தால் அந்தக் கோணலும் கூடவே வரும். புகைப்படத்திலிருந்து நுகத்தடி எங்கே உட்காருகிறது என்ற செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள், கோட்டை எடுக்காதீர்கள். அரிவாள்மணை, மண்ணெண்ணெய் அடுப்பு, மடிசார்க் கட்டு, பம்புசெட் அறையின் கதவு என்று நீங்களே வரைந்து பெயரெழுதிச் சேர்க்கும் ஒரு நோட்டு உங்களிடம் இருக்கட்டும்.

22 ஜூலை 2023

மாணவி மீண்டும் கேட்கிறார்: கணத்தைத் தேர்ந்தெடுப்பது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள், அதை எப்படிச் செய்வது? நியாயமான கேள்வி. நான் செய்வதை அப்படியே எழுதுகிறேன்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். "மழை விட்ட பிறகு அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்." நான் உடனே பென்சிலை எடுக்க மாட்டேன். ஏன் தள்ளிக்கொண்டு வருகிறார்? சக்கரத்தில் காற்று இல்லையா, பின்னால் அரிசி மூட்டை இருக்கிறதா, அல்லது வீட்டுக்கு வருவதைத் தள்ளிப்போடுகிறாரா? கதையைத் திரும்பப் படித்தால் விடை இருக்கும். அவருக்கு அன்று வேலை போய்விட்டது என்று நான்காம் பக்கத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நான் காட்டக் கூடாது. ஆனால் அது தெரியாதவனைப் போலவும் வரையக் கூடாது.

அடுத்து, யார் பார்க்கிறார்? "அப்பா" என்று சொல்வது குழந்தை. அப்படியானால் கண்மட்டக் கோடு குழந்தையின் உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் சைக்கிளின் ஹேண்டில்பார் கண்ணுக்கு நேராக வரும்; அப்பாவின் முகம் மேலே, கூரை விளிம்புக்கு அருகில், பாதி மறைந்திருக்கும். முகத்தில் என்ன இருக்கிறது என்று குழந்தைக்குத் தெரியவில்லை. வாசகருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் விரல்கள் தெரிந்தால் போதும்.

இதற்குப் பிறகுதான் தம்ப்நெயில் என்னும் சிறு மாதிரிப் படங்கள். தீப்பெட்டி அளவில் பன்னிரண்டு கட்டங்கள் போடுவேன்; அச்சில் படத்துக்கு ஒதுக்கப்படும் இடம் எந்த வடிவமோ, கட்டமும் அதே விகிதத்தில் இருக்கும். ஒவ்வொன்றிலும் மூன்றே டோன்கள்: தாளின் வெண்மை, ஒரு நடுச் சாம்பல், ஒரு கறுப்பு. கண்ணும் மூக்கும் போட அங்கே இடமே இல்லை. அதுதான் அதன் பயன். முதல் மூன்று கட்டங்கள் எல்லோருக்கும் தோன்றுவதாகவே இருக்கும்: தெரு, சைக்கிள், நடுவில் அப்பா. ஐந்தாவதில் கதவின் நிலை உள்ளே வரும். ஏழாவதில் வாசல் இருட்டாகி, வெளியே ஈரத்தெரு வெள்ளையாகி, நடுவில் சைக்கிள் கறுப்பு வடிவமாக நிற்கும். கண்களைச் சுருக்கிக்கொண்டு பன்னிரண்டையும் சேர்த்துப் பார்ப்பேன். சுருக்கிய கண்ணுக்கும் எது நிற்கிறதோ அதை எடுத்துக்கொள்வேன்.

இதில் பாணி என்ற சொல்லே எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பத்து மாணவர்களிடம் இதே வாக்கியத்தைக் கொடுத்து, இதே கேள்விகளைக் கேட்கச் சொன்னால் பத்து வேறு படங்கள் வரும். அந்த வேறுபாட்டைத்தான் பின்னாளில் மற்றவர்கள் பாணி என்று அழைப்பார்கள். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி ஓவியர் ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பாருங்கள். எல்லோரும் அறிந்த ஓர் உருவத்தை அத்தனை முறை திரும்பத் திரும்பப் பார்த்ததில்தான் அந்தக் கோடு அப்படி இறுகியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

11 ஆகஸ்ட் 2023

அச்சைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. கல்லூரியிலும் இதை எனக்குப் போதிய அளவு சொல்லித்தரவில்லை. ஆனால் இந்தத் தொழிலில் மூலப் படத்தை யாரும் பார்ப்பதில்லை; வாசகர் கைக்குப் போவது அச்சான படம்தான்.

என் நான்காவதோ ஐந்தாவதோ வேலையில், இண்டியன் இங்க் என்ற கறுப்பு மையை நீரில் கரைத்து அழகான சாம்பல் படலங்களாக ஒரு மாலை நேரத்தை வரைந்திருந்தேன். மேசையில் அது மிக அழகாக இருந்தது. செய்தித்தாள் தாளில் அச்சானபோது, ஐந்து சாம்பல் படலங்களும் ஒரே சேறாகி, நாயகி சுவரோடு கலந்துவிட்டாள். அந்தத் தாள் மையை உறிஞ்சும். அச்சுப் புள்ளிகள் பரவிப் பெருக்கும். நடுச் சாம்பல் எல்லாம் நாம் நினைத்ததைவிடக் கறுத்துவிடும். செய்தித்தாளில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 85 புள்ளி வரிசைகள், நல்ல வழவழப்பான தாளில் 150 என்பது பொதுவான அளவு. ஆகவே எந்தத் தாள் என்று கேட்காமல் டோனை முடிவுசெய்யக் கூடாது. மூன்று டோன் என்று முந்தைய குறிப்பில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே சொல்ல விட்டுவிட்டேன்.

கோட்டுக்கும் இதே கணக்கு உண்டு. அச்சாகும் அளவைப் போல ஒன்றரை மடங்கு பெரிதாக வரைவது பழைய வழக்கம். சுருக்கும்போது கை நடுக்கம் மறைந்து கோடு இறுகும். ஆனால் 0.1 மில்லிமீட்டர் பேனாவால் போட்ட கோடு ஒன்றரை மடங்கு சுருங்கினால் 0.07க்கும் கீழே போய்விடும். அச்சில் அது விட்டுவிட்டுத்தான் வரும். என் நோட்டில் ஒரு தாள் முழுக்கப் பல தடிமன்களில் கோடுகள் போட்டு, அதைப் பாதியாகச் சுருக்கி நகலெடுத்து ஒட்டியிருக்கிறேன். எது பிழைக்கும், எது சாகும் என்று ஒரே பார்வையில் தெரிகிறது. நகலெடுக்கும் கடையில் சில ரூபாய்தான் செலவாகும், இன்றே செய்யலாம்.

வண்ணப் படத்தில் திரையில் காணும் பளீர்ப் பச்சையும் மின்னும் நீலமும் நான்கு மைகளில் வராது. தொடக்கத்திலேயே அச்சுக்குரிய வண்ண அமைப்பில் ஒரு முறை மாற்றிப் பார்த்துவிட்டால் பிறகு மனம் உடையாது. ஏ4 அளவுப் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். வெறும் கறுப்புக் கோட்டோவியமானால் 600 அல்லது 1200 புள்ளியில் ஸ்கேன் செய்யுங்கள்.

12 ஆகஸ்ட் 2023

பிளீட், அதாவது வெட்டுவதற்காக விளிம்பில் விடும் கூடுதல் பகுதி, நேற்று விட்டுப்போயிற்று. படம் தாளின் விளிம்புவரை போகுமானால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைய வேண்டும். வெட்டும்போது கத்தி சற்று விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாது. அப்போது ஏ4 அளவு 216க்கு 303 மில்லிமீட்டராகி, 2551க்கு 3579 பிக்சல் வேண்டும். நேற்றைய எண்ணை எழுதி வைத்துக்கொண்டவர்கள் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள்.

8 அக்டோபர் 2023

ஆறு மாதம் திரையைத் தொட வேண்டாம் என்று ஜூனில் எழுதியதை இன்று திரும்பப் பெறுகிறேன்.

அக்காவின் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். பதினேழு வயது. டேப்லெட் கிடையாது, பழைய கைப்பேசியில், விரலால் வரைகிறாள். அவள் வரைந்து வைத்திருந்த ரேஷன் கடை வரிசையைப் பார்த்தேன். பதினாறு பேர், ஒவ்வொருவரும் வேறுவேறு விதமாகச் சலித்துப்போய் நிற்கிறார்கள், எடையை எந்தக் காலில் போட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல முடிகிறது. யாரும் அவளுக்குத் திரிபங்கம் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் வகுத்த விதியைப் பின்பற்றியிருந்தால் அவள் வரையவே தொடங்கியிருக்க மாட்டாள். வீட்டில் தாள் வாங்கித் தரும் நிலை அப்போது இல்லை. என் இளமையில் எனக்குக் கிடைத்த பொருள்களையே அடிப்படை என்று நான் குழப்பிக்கொண்டிருந்தேன். அடிப்படை என்பது பார்ப்பது. எதன்மேல் வரைகிறோம் என்பது அவரவர் கைக்கு எட்டுவதைப் பொறுத்தது.

திரையில் இரண்டு வசதிகள் மாணவர்களுக்கு மிகவும் உதவும். படத்தை இடவலமாகத் திருப்பினால் நம் கண் பழகி மறைத்த கோணல்கள் வெளியே வரும். தாளில் வரைபவர்கள் தாளைத் திருப்பி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார்கள், அதே வேலைதான். நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாகப் பார்த்தால் டோன் சரியா என்று உடனே தெரியும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: போட்ட கோட்டை நீக்கிப் பின்வாங்கும் பொத்தானை மறந்துவிட்டு வாரத்தில் ஒரு நாளாவது வரையுங்கள். பால்பாயிண்ட் பேனாவைப் பற்றி அன்று சொன்னதை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

மாணவியின் முதல் கேள்விக்கு விடை இதுதான்: கடன் வாங்கி டேப்லெட் வாங்க வேண்டாம், கையில் இருப்பதைக் கொண்டு தொடங்குங்கள்.

19 நவம்பர் 2023

கல்லூரியில் படிப்பது அவசியமா என்ற விவாதம் நீண்டுகொண்டே போகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னைக் கவின் கலைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. சில்பி அங்கே படித்தவர். பத்திரிகை ஓவியர் கோபுலு கும்பகோணத்தில் ஓவியம் படித்தவர். ஆனால் விகடனில் மூத்த ஓவியர் மாலியின் வழிகாட்டுதல் கோபுலுவுக்குக் கிடைத்ததை எந்தப் பாடத்திட்டத்தாலும் ஈடுசெய்ய முடியாது. கல்லூரி தருபவற்றுள் விலைமதிப்பற்றவை இரண்டு: மணிக்கணக்கில் அசையாமல் உட்காரும் மாடல், நம் படத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லும் நண்பர்கள். கல்லூரிக்குப் போக இயலாதவர்கள் முதலாவதுக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்துக்குப் போகலாம். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் ஒரு நாள் உட்காருங்கள். பின்காலைத் தூக்கி மூக்கைச் சொறியும் அந்த மானை ஒரு சிற்பி எத்தனை மான்களைப் பார்த்த பிறகு செதுக்கியிருப்பார் என்று யோசித்தபடியே வரையுங்கள். இரண்டாவதுக்கு ஒரே ஒரு நண்பர் போதும்.

3 டிசம்பர் 2023

தொழிலின் அடிப்படையில் உரிமையும் அடங்கும். ஒரு பதிப்பகத்துக்காக நான் வரைந்த அட்டைப்படம், மூன்று ஆண்டுகள் கழித்து வேறொரு நூலின் அட்டையில், நிறம் மாற்றப்பட்டு, என் பெயரின்றி வந்தது. கேட்டபோது, பணம் கொடுத்து வாங்கிய படம்தானே என்றார்கள். என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

பிறகுதான் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைப் படித்தேன். பொதுவாகப் படைத்தவரே முதல் உரிமையாளர் என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து வரையச் செய்த ஓவியத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர் என்ற விலக்கும் அதிலேயே இருக்கிறது. ஆகவே, உரிமை உங்களிடம் இருக்க வேண்டுமானால் வேலையைத் தொடங்கும் முன் எழுதி வாங்க வேண்டும். உரிமையை மாற்றிக் கொடுப்பதும் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று கொள்ளப்படும். எல்லா உரிமைகளையும் கொடுத்துவிட்ட பிறகும், படைத்தவர் தாமே என்று கோருவதற்கும், தம் மதிப்பைக் குலைக்கும்படி படத்தைச் சிதைத்தால் எதிர்ப்பதற்கும் 57ஆம் பிரிவு இடம் தருகிறது.

எந்த நூலுக்கு, எந்தப் பதிப்புக்கு, எத்தனை முறை திருத்தம், எவ்வளவு தொகை, என்றைக்குள் என்று ஐந்து வரி மின்னஞ்சல் அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள். மாணவர்தானே என்று தயங்க வேண்டாம். மாணவர்களிடம்தான் எழுதாமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

14 ஜனவரி 2024

சிறார் நூல் வரைய விரும்பும் ஒருவருக்கு: பத்திரிகைக் கதையில் ஒரு கணம் போதும், சிறார் நூலில் கணங்களின் வரிசை வேண்டும். எட்டு அல்லது பதினாறு பக்கங்கள் ஒரே பெரிய தாளில் அச்சாகி மடிக்கப்படுவதால் படநூல்கள் பெரும்பாலும் 32 பக்கம், அல்லது எட்டின் வேறொரு மடங்கு. தொடங்கும் முன் எல்லாப் பக்கங்களையும் ஒரே தாளில் சிறு கட்டங்களாகப் போட்டுப் பாருங்கள். பக்கத்தைப் புரட்டும் இடம் எங்கெல்லாம் வருகிறது என்று குறியுங்கள். குழந்தை புரட்டுவதற்குக் காரணம் இருப்பது இடப்பக்கத்தில் இல்லை, வலப்பக்கத்தின் ஓரத்தில். இரு பக்கங்களுக்கு விரியும் படத்தில் நாயகியின் முகம் நடு மடிப்பில் விழுந்தால் அது தையலுக்குள் போய்விடும். அவளை முன்புறம், பக்கவாட்டு, பின்புறம், ஓடுகையில், அழுகையில் என்று முன்கூட்டியே ஒரு தாளில் வரைந்து வைக்காவிட்டால், இருபதாம் பக்கத்தில் அவள் வேறு குழந்தையாகிவிடுவாள். பெரியவர்கள் கவனிக்காமல் போகலாம், குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு பள்ளியில் நான் படித்துக் காட்டியபோது, சட்டையில் முதல் பக்கத்தில் நான்கு பொத்தான், இங்கே மூன்று என்று ஒரு சிறுமி எழுந்து சொன்னாள். அவள் அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தாள் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அடுத்த பதிப்பில் திருத்தினோம்.

25 பிப்ரவரி 2024

கேள்வி கேட்ட மாணவி, திருப்பி அனுப்பப்பட்ட அதே கதைக்கு எட்டு மாதம் கழித்து மீண்டும் வரைந்து அனுப்பியிருக்கிறார். அந்த இதழில் கதை வேறொருவரின் படத்தோடு எப்போதோ வந்துவிட்டது. இது அவர் தமக்காக வரைந்தது. அனுமதி பெற்றே அதைப் பற்றி எழுதுகிறேன்.

மணமாகிப் போன மகள் முன்னறிவிப்பின்றிப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வரும் கதை அது. முந்தைய மூன்று படங்களிலும் கண்ணீரோடு அவள் முகம் இருந்தது. இப்போது முகமே இல்லை. வாசற்படிக்கு வெளியே ஒரு ஜோடிச் செருப்பு. உள்ளே, இருட்டான நடையில், பையைக் கீழே வைக்காமல் நிற்கும் ஒருத்தியின் முதுகு. அதற்கும் அப்பால் அடுப்படி வெளிச்சத்தில் பாதி திரும்பிய அம்மா. எடை இடக்காலில் இருக்கிறது. பை வலக்கையில் இருப்பதால் தோள் தாழ்ந்திருக்கிறது. மூன்றே டோன்கள். தம்ப்நெயில்களையும் அனுப்பியிருந்தார், எடுத்துக்கொண்டது பதினோராவது கட்டம்.

ஒரே ஒரு குறை. செருப்புகளை மேலிருந்து பார்ப்பதுபோலவும், அம்மாவை நேரே பார்ப்பதுபோலவும் வரைந்திருக்கிறார். ஒரே படத்தில் இரண்டு கண்மட்டங்கள் வந்துவிட்டன. வாசலில் நின்று பார்ப்பது யார் என்பதை முடிவுசெய்துவிட்டால் இது சரியாகிவிடும். தெருவில் போகும் பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பதானால் கோடு அம்மாவின் கண்ணருகே வர வேண்டும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பார்ப்பதானால் அவள் கையிலிருக்கும் பையின் உயரத்துக்கு இறங்க வேண்டும். கதையில் தாத்தா ஒரே ஒரு வரியில்தான் வருகிறார். அந்த வரியை இன்னொரு முறை படித்துவிட்டு வரையுங்கள்.